.30-06-இல் 200, 220 கிரெய்ன் புல்லட்: 4064-ஐ விட்டு எந்தப் பவுடருக்குப் போவது?

குறிநேர்:

வணக்கம். ரைஃபிள் .30-06, போல்ட் ஆக்‌ஷன், 24 அங்குல பாரல், ட்விஸ்ட் (பாரலுக்குள் ஓடும் சுருள் வரிகளின் சுற்று) 10 அங்குலத்துக்கு ஒன்று. உரிமம் எல்லாம் உண்டு, வீட்டில் தோட்டா நிரப்பவும் இங்கே சட்டம் இடம் தருகிறது, அதனால் அந்தக் கேள்வி வேண்டாம். இதுவரை 150 கிரெய்ன் (கிரெய்ன் என்பது எடை அளவு) புல்லட்டுக்கு ஐஎம்ஆர் 4064 பவுடர் (தோட்டாவுக்குள் எரியும் மருந்து) மட்டுமே. இப்போது 200 கிரெய்ன் போட் டெயிலுக்கும் (அடி குறுகிய புல்லட்), 220 கிரெய்ன் ரவுண்ட் நோஸுக்கும் (முனை உருண்ட புல்லட்) மாற வேண்டும்.

4064-க்கு 200 கிரெய்ன் டேட்டா மேனுவலில் இருக்கிறது. ஆனால் அதில் கிடைக்கும் வேகம், மெதுவாக எரியும் 4350, 4831 பவுடர் வரிசைகளைவிடக் குறைவு, உச்ச அழுத்தமோ கிட்டத்தட்ட அதேதான். ஏன் இப்படி? ஒரே அழுத்தத்தில் ஒரு பவுடர் எப்படி அதிகம் தள்ளுகிறது?

இரண்டாவது, கையில் ஒரு டப்பா ஐஎம்ஆர் 4831 இருக்கிறது. கிடைத்த டேட்டா ஹெச் 4831-க்கு (ஹெச் என்றால் ஹாட்ஜ்டன் கம்பெனி). எண் ஒன்றுதானே, அதைப் பார்த்தே நிரப்பலாமா?

மூன்றாவது, ஒரு .308-உம் இருக்கிறது. 20 அங்குல பாரல், ட்விஸ்ட் 12. அதிலும் கனமான புல்லட் போட ஆசை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே பவுடர் வாங்கினால் வசதி.

—

தராசுமுள்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதில்தான் கை போகும். நிரப்பாதீர்கள். ஐஎம்ஆர் 4831-உம் ஹெச் 4831-உம் வேறு வேறு பவுடர். ஐஎம்ஆர் 4831 வேகமாக எரிவது. ஹெச் 4831-க்கு எழுதிய உச்ச அளவை ஐஎம்ஆர் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டால் அழுத்தம் எல்லையைத் தாண்டும். 4350-க்கும் இதே கதைதான்: ஐஎம்ஆர் 4350, ஹெச் 4350, அக்யூரேட் 4350 மூன்றும் மூன்று பொருள். 4895-உம் அப்படியே. எண் வேகத்தைச் சொல்வதில்லை, குடும்பப் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. முதலில் வந்த ஹெச் 4831, போர்க்காலத்து 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுக்கான உபரிப் பவுடர். ஐஎம்ஆர் பெயரில் 4831 கடைக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. விதிவிலக்கு ஒன்று: ஹெச் 4831-உம் ஹெச் 4831எஸ்சி-யும் ஒரே டேட்டா. எஸ்சி என்றால் குச்சி வடிவப் பவுடர் மணியைக் குட்டையாக வெட்டியது, அவ்வளவுதான்.

இனி முதல் கேள்வி.

புகையற்ற பவுடர் எரியும் வேகம் நிலையானது அல்ல. சுற்றியுள்ள அழுத்தம் கூடக் கூட அதுவும் கூடும். 150 கிரெய்ன் புல்லட் சட்டென்று நகர்கிறது, பின்னால் இடம் திறக்கிறது, வாயுவுக்கு விரிய வழி கிடைக்கிறது. 220 கிரெய்ன் அதே தள்ளலுக்கு மெதுவாகத்தான் நகரும். இடம் திறக்கவில்லை, அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தம் பவுடரை இன்னும் வேகமாக எரிக்கிறது, அதனால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. 4064 போன்ற நடுத்தர வேகப் பவுடரில் இந்தச் சுழல், புல்லட் பாரலில் சில அங்குலம் போவதற்குள்ளேயே உச்சியைத் தொட்டுவிடும். அதனால் பவுடரைக் குறைத்துப் போட வேண்டியிருக்கிறது. குறைத்தால் வாயுவின் மொத்த அளவே குறைந்துபோகிறது.

மெதுவான பவுடரில் அதே உச்சி வர அதிகப் பவுடர் வேண்டும். உச்சி ஒன்றே, ஆனால் அதற்குப் பிறகு பாரல் நெடுக அழுத்தம் மெல்லத்தான் இறங்கும். வேகம் தருவது உச்சி மட்டும் அல்ல, அழுத்தம் எவ்வளவு தூரத்துக்கு நீடித்துத் தள்ளுகிறது என்பது. .30-06-க்கு SAAMI (அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பு) வைத்திருக்கும் அழுத்த எல்லை 60,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). அந்தக் கூரையின் கீழே யார் அதிக தூரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி.

"கனம் கூடினால் மெதுவாகப் போ" என்று மட்டும் பிடித்துக்கொண்டு ரெடம்போ என்ற மிக மெதுவான பவுடர் வரை ஓடிவிடக் கூடாது. தோட்டாவின் பித்தளை உறையில் இடம் இருக்கிற வரைதான் மெதுவான பவுடர் வேலை செய்யும். உறை நிரம்பிய பிறகும் அழுத்தம் வராவிட்டால் அந்தப் பவுடர் அந்த உறைக்கு ரொம்ப மெது. வேகமும் வராது, பாரலில் எரியாத குச்சிகள் மிஞ்சும், உறையின் கழுத்தும் தோளும் கரி பிடிக்கும், குண்டுக்குக் குண்டு வேகம் தாறுமாறாகும்.

.30-06-க்கு என் தேர்வு இப்படி:

165 வரை 4064, வார்கெட், ஐஎம்ஆர் 4895 எல்லாம் சரி. 180-க்கு ஹெச் 4350 அல்லது ஐஎம்ஆர் 4350, வேறு யோசனையே வேண்டாம். 200-க்கும் ஹெச் 4350-தான் முதல் இடம், ஐஎம்ஆர் 4831, விஹ்டாவுரி என்160, ரீலோடர் 19 அதற்குப் பக்கத்தில். 220-க்கு ஹெச் 4831எஸ்சி அல்லது ரீலோடர் 22. ரீலோடர் 22 வேகம் நன்றாகத் தரும், ஆனால் வெயில் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும். குளிர்காலத்தில் உச்சம் பார்த்து வைத்த லோடை (நிரப்பும் பவுடர் அளவை) உச்சி வெயிலில் சுட்டால் போல்ட் இறுகும். ஹெச் 4350, ஹெச் 4831எஸ்சி இரண்டும் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாதவை. ஒரே டப்பாதான் வாங்க முடியும் என்றால் ஹெச் 4350 வாங்குங்கள். 220-இல் கொஞ்சம் வேகம் விட்டுப்போகும், போகட்டும்.

எத்தனை கிரெய்ன் போடுவது என்று இங்கே எழுத மாட்டேன். பவுடர் கம்பெனியின் நடப்பு டேட்டாவில், உங்கள் புல்லட்டின் கனமும் வகையும் உள்ள வரியைப் பாருங்கள்.

—

பித்தளைப்பெட்டி:

தராசுமுள் சொன்னதில் "இடம் இருக்கிற வரை" என்பதை விரிக்கிறேன். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

கனமான புல்லட் என்றால் நீளமான புல்லட். தோட்டாவின் மொத்த நீளம் மேகசினால் கட்டுப்பட்டது: .30-06-க்கு அதிகபட்சம் 3.340 அங்குலம், .308-க்கு 2.810. அதனால் கூடுதல் நீளம் முழுக்க உறைக்குள்தான் இறங்கும். 0.308 அங்குல விட்டமுள்ள புல்லட் 0.1 அங்குலம் கூடுதலாக உள்ளே போனால் ஏறக்குறைய 1.9 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும் இடம் போய்விடும். 150-இலிருந்து 220-க்கு மாறும்போது இடமும் சுருங்குகிறது, பவுடரும் பெருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் அடி.

உங்கள் உறையின் கொள்ளளவை ஒருமுறை அளந்து வையுங்கள். உங்கள் ரைஃபிளில் சுட்ட, ரீசைஸ் செய்யாத (அச்சில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவராத) உறை, பழைய பிரைமர் (அடியில் பற்றவைக்கும் மூடி) உள்ளேயே இருக்கட்டும், அதுதான் அடைப்பு. எடை போடுங்கள். சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீரை வாய் விளிம்பு வரை நிரப்புங்கள். மேலே குமிழாக எழும்பி நிற்கக் கூடாது, குழிந்தும் இருக்கக் கூடாது. உள்சுவரில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விரலால் சுண்டி வெளியேற்றிவிட்டு மறுபடி எடை. வித்தியாசம்தான் கொள்ளளவு. ஐந்து உறை பார்த்தால் போதும். .30-06 பொதுவாக 68 கிரெய்ன் பக்கம், .308 56 பக்கம். ராணுவ உறைகளின் சுவர் தடிமனாக இருக்கும், குறிப்பாக 7.62 நேட்டோ உறை. அதில் இடம் குறைவு, அதே பவுடருக்கு அழுத்தம் அதிகம். கம்பெனி உறையில் பார்த்து வைத்த உச்ச லோடை ராணுவ உறையில் அப்படியே கொட்டக் கூடாது. 10% கீழே இறங்கித் திரும்ப ஏறி வர வேண்டும்.

அமுக்கி நிரப்புவது பற்றி. ஹெச் 4831எஸ்சி-யோடு 220 என்றால் சில டேட்டாவில் லோடுக்குப் பக்கத்தில் அமுக்கியது என்ற குறி இருக்கும். அது தவறு இல்லை. உறையின் அடிக்கழுத்து வரையோ அதற்குச் சற்று மேலோ பவுடர் நின்று, புல்லட் இறங்கும்போது நறநறவென்று மெல்லிய சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். பிரஸ்ஸின் நெம்புகோலை இழுக்க வலு போட வேண்டியிருந்தால் அது வேறு விஷயம். புல்லட்டை உறைக்குள் இறக்கும் சீட்டிங் டை அதன் முனைவளைவில் மோதிரம் போலத் தழும்பு போடும், செம்புறை நெளியும். அதைவிடச் சங்கடம், பவுடர் ஸ்பிரிங் மாதிரி திரும்பத் தள்ளும். இன்று 3.330-இல் வைத்த தோட்டா ஒரு வாரம் கழித்து 3.345 ஆகியிருக்கும். அமுக்கிய லோடுகளை நிரப்பின மறுநாளும், ஒரு வாரத்திலும் காலிப்பரால் அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் கழுத்துப் பிடி போதவில்லை. கழுத்தை விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையின் விட்டத்தைப் பாருங்கள். அதற்காக உறை வாயை உள்நோக்கி அமுக்கும் கிரிம்ப் போட்டு இறுக்குவது ஒட்டு வேலை.

இடம் உண்டாக்க எளிய வழி நீண்ட டிராப் ட்யூப். 6 முதல் 8 அங்குல நீளக் குழாய் வழியாக மெதுவாக, பத்து விநாடி எடுத்துக் கொட்டினால் குச்சிகள் தாமே ஒழுங்காகப் படுக்கும். அதே அளவு பவுடர் உறையில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கீழே நிற்கும். புனலில் மடமடவென்று கொட்டினால் கழுத்தில் குச்சிகள் குறுக்கே விழுந்து பாலம் கட்டும். மேலே நிறைந்து நிற்கும், அடியில் காலி. தட்டினதும் பொலபொலவென்று இறங்கும். இந்தப் பாலம் பவுடர் மெஷருக்குள் (பவுடரை அளந்து கொட்டும் கருவி) நடந்தால் ஒரு உறைக்குக் குறைவாகவும் அடுத்த உறைக்கு அதிகமாகவும் விழும். 4350, 4831 மாதிரி நீளக் குச்சிக்கு மெஷரை 0.3 கிரெய்ன் குறைவாக வைத்து, மீதியைத் தராசின் மேல் ட்ரிக்ளரால் உதிர்ப்பதே வழி. நிரப்பின எல்லா உறையையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்த்த பிறகுதான் புல்லட் வைக்க வேண்டும்.

—

குறிநேர்:

மிகவும் நன்றி. அப்படியானால் ஐஎம்ஆர் 4831 டப்பாவை அதற்கென்றே உள்ள டேட்டாவோடு 200-க்கு வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் சில சந்தேகம். 200 கிரெய்ன் டேட்டா ஈயம் உள்ள புல்லட்டுக்கு எழுதினது. முழுச் செம்புப் புல்லட்டுக்கும் கனம் ஒன்றுதானே? பவுடர் அதிகமாகப் போவதால் மேக்னம் பிரைமர் (இன்னும் வலுவாகப் பற்றவைக்கும் வகை) போட வேண்டுமா? 20 அங்குல .308-க்கு, பாரல் குட்டை என்பதால் வேகமான பவுடர் நல்லது என்கிறார்களே, உண்மையா?

—

நீள்குழல்:

குட்டை பாரலுக்கு வேகமான பவுடர் என்பது எங்கும் சொல்லப்படுவது, ஆனால் ரைஃபிளில் நிற்காது. பவுடரின் பெரும்பகுதி பாரலின் முதல் சில அங்குலத்துக்குள்ளேயே எரிந்து முடிகிறது. மீதி தூரம் நடப்பது வாயு விரிவதுதான். 26 அங்குலத்தில் எந்தப் பவுடர் அதிக வேகம் தந்ததோ, 20 அங்குலத்திலும் பெரும்பாலும் அதுதான் தரும். எல்லாமே குறையும், வரிசை மாறாது. இந்த வகைத் தோட்டாக்களில் அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 30 அடி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். குட்டை பாரலில் மெதுவான பவுடருக்கு நீங்கள் தரும் விலை வாயிலில் பெரிய தீப்பொறியும் சத்தமும்.

ஆனால் .308-இல் உங்களைக் கட்டிப்போடுவது பாரல் அல்ல, உறை. 56 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும் உறையில் 180 கிரெய்ன் புல்லட்டை 2.810-க்குள் வைத்தால் 4831-க்கு இடமே இல்லை. நிரம்ப நிரம்ப அமுக்கினாலும் 62,000 பிஎஸ்ஐ எல்லைக்கு வெகு கீழேயே நிற்பீர்கள். .308-க்கு 165 முதல் 180 வரை வார்கெட், 4064, ரீலோடர் 15, என்140, என்150. அந்த வட்டத்தைத் தாண்ட வேண்டாம். 4064-ஐ 150-க்கு வைத்திருந்தீர்களே, .308-இல் 175, 178-க்கும் அதுவே முதல்தரம். ஆகவே இரண்டு ரைஃபிளுக்கும் ஒரே பவுடர் என்ற ஆசை கனமான புல்லட்டில் நிறைவேறாது. .308-க்கு 4064, .30-06-க்கு 4350. (6.5 க்ரீட்மூர் வைத்திருப்பவர்கள் 140-உம் 147-உம் ஹெச் 4350-இல் ஓட்டுகிறார்களே, .308-இலும் ஓடாதா என்று கேட்பீர்கள். க்ரீட்மூர் உறை .308-ஐவிடச் சிறியது, ஆனால் அதன் துளை 6.5 மில்லிமீட்டர். துளை குறுகினால் வாயு விரிய இடம் மெதுவாகத் திறக்கும், அதனால் மெதுவான பவுடர் பொருந்துகிறது. உறைக்கும் துளைக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும், உறையை மட்டும் அல்ல.)

உங்கள் .308-இல் பவுடருக்கு முன்னே ட்விஸ்ட் நிற்கிறது: நீளமான புல்லட் தள்ளாடாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். பழைய கிரீன்ஹில் கணக்கு: 150 என்ற மாறாத எண்ணை விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, புல்லட்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட். 0.308-இன் வர்க்கம் 0.0949. 150 மடங்கு 14.2. புல்லட் 1.35 அங்குல நீளம் என்றால் 10.5 வருகிறது. 12 ட்விஸ்ட் போதாது. அதே கணக்கில் 12 ட்விஸ்டுக்கு 1.18 அங்குலம்தான் வரும். கணக்கு சற்று கடுமையானது, நடைமுறையில் 168 வகைகளை 12 ட்விஸ்ட் தாங்கும். 175-க்கு மேல் நீள முனை போட் டெயில்களுக்கு, புல்லட் கம்பெனி பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ட்விஸ்டைப் பாருங்கள். போதாவிட்டால் அட்டையில் துளை வட்டமாக விழாது, சாவித்துளை மாதிரி நீளமாகக் கிழியும். அதைப் பவுடர் மாற்றிச் சரிசெய்ய முடியாது. கனம் தேவையானால் அந்த நீளத்துக்குள் அடங்கும் ரவுண்ட் நோஸ் அல்லது தட்டை அடி தேடுங்கள். .30-06-இன் 10 ட்விஸ்டுக்கு 220 ரவுண்ட் நோஸ் பிரச்சினையே இல்லை, அந்தத் தோட்டாவின் மூதாதையே 220 ரவுண்ட் நோஸில்தான் தொடங்கியது.

முழுச் செம்பு: கனம் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு, அதனால் அதே 180 கிரெய்னுக்கு நீளம் அதிகம், உறைக்குள் அதிகம் இறங்கும். உலோகம் முழுக்க ஒன்றே என்பதால் ரைஃப்ளிங்கில் (பாரலின் சுருள் வரிகளில்) பதியும்போது எதிர்ப்பும் வேறு. அந்தப் புல்லட் கம்பெனியின் டேட்டா மட்டுமே. ரைஃப்ளிங் தொடங்கும் இடத்துக்கு 0.05 அங்குலம் முன்பே நிற்கும்படி வையுங்கள். ஒட்டி வைத்தால் அழுத்தம் ஏறும்.

வாசிக்கும் மற்றவர்களுக்கு: எம்1 கேரண்ட் (வாயு அழுத்தத்தால் தானே அடுத்த தோட்டா ஏற்றும் .30-06 ராணுவ ரைஃபிள்) வைத்திருந்தால் மேலே சொன்ன 4350, 4831, 200-220 எதுவும் உங்களுக்கு இல்லை. மெதுவான பவுடரின் அழுத்தம் பாரல் முனையில் இருக்கும் வாயுத் துளை வரை நிமிர்ந்தே வரும், போல்ட்டை இயக்கும் ஆப்பரேட்டிங் ராடை வளைத்துவிடும். அதற்கு 4895, 4064, புல்லட் 150 முதல் 175-க்குள்.

—

தராசுமுள்:

பிரைமருக்கு நான் சொல்கிறேன். .30-06-இல் குச்சிப் பவுடருக்கு சாதாரண லார்ஜ் ரைஃபிள் பிரைமர் போதும். மேக்னம் பிரைமர் தேவைப்படுவது பால் பவுடருக்கும் (உருண்டை மணிப் பவுடர்), மேக்னம் உறைகளுக்கும், கடுங்குளிருக்கும். எதற்கானாலும், டேட்டாவில் எந்தப் பிரைமர் போட்டுப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கும். அதே வகை போடுங்கள். சாதாரணத்தில் உச்சம் பார்த்த லோடில் மேக்னம் பிரைமரை மாற்றிப் போடுவது பவுடரைக் கூட்டினதற்குச் சமம். மாற்றினால் 5% கீழே இறங்கித் திரும்ப ஏறுங்கள்.

ஏறும் முறை. மேனுவலில் தொடக்க அளவு இருந்தால் அங்கிருந்து. உச்சம் மட்டும் இருந்தால் அதில் 10% குறைத்து. தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் 4 கிரெய்ன் இடைவெளி என்றால் முதல் இரண்டு கிரெய்னை 1 வீதமும், மீதியை 0.5 வீதமும். .308-இல் 0.3 வீதம். ஒவ்வொரு படியிலும் மூன்று தோட்டா, பெட்டியில் படி வாரியாக, உறைமேல் மார்க்கரால் அளவு எழுதி. சுடும் இடத்தில் கீழிருந்து மேலே மட்டுமே போக வேண்டும். புல்லட்டின் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் இல்லாமல் கனமான புல்லட்டுக்கு லோடு தேடாதீர்கள். அழுத்தம் அளக்க வீட்டில் கருவி இல்லை, வேகம்தான் அதன் நிழல். மேனுவலின் பாரல் நீளத்துக்கும் உங்களுடையதற்கும் வித்தியாசம் கழித்த பிறகு, மேனுவலின் உச்ச வேகம் உங்களுக்கு உச்சத்துக்கு ஒரு கிரெய்ன் முன்பே வந்துவிட்டால் அந்த இடம்தான் உங்கள் ரைஃபிளின் உச்சம். இலவச வேகம் என்று ஒன்று கிடையாது. கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கும்.

உறையில் தெரியும் அடையாளங்களை நம்பி ஏறுபவர்கள் உண்டு. அவை தெரியும்போது எல்லை பின்னால் போயிருக்கும். இருந்தாலும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சுட்ட உறையின் அடித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்புங்கள். எழுத்துகளின் மேல் அரைவட்டமாகவோ முழு வட்டமாகவோ பளபளக்கும் புள்ளி இருந்தால் உறையின் பித்தளை, போல்ட் முகத்தில் உள்ள எஜெக்டர் துளைக்குள் பிதுங்கியிருக்கிறது. நகத்தால் தடவினால் மேடு தட்டும். அங்கேயே நிறுத்துங்கள். போல்ட் கைப்பிடி மேலே தூக்கும்போது ஒட்டினாலும் நிறுத்துங்கள். அடுத்த முறை நிரப்பும்போது புதுப் பிரைமர் தடையில்லாமல் வழுக்கி உள்ளே போனால் பிரைமர் பாக்கெட் விரிந்துவிட்டது, அந்த உறை குப்பைக்கு. மீதி உறைகளின் லோடைக் குறைக்க வேண்டும்.

பிரைமர் தட்டையானதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். தோளை அதிகமாகப் பின்தள்ளி ரீசைஸ் செய்திருந்தால் சாதாரண லோடிலேயே பிரைமர் பின்னால் வந்து, உறை பின்தள்ளும்போது நசுங்கித் தட்டையாகும். பிரைமர் நடுவில் எரிமலை வாய் மாதிரி விளிம்பு எழுவதும் ஃபயரிங் பின் துளை பெரிதாக இருக்கும் ரைஃபிளில் எப்போதும் வரும்.

கீழேயும் ஒரு எல்லை உண்டு. உதை குறையட்டும் என்று 4831-ஐத் தொடக்க அளவுக்கும் கீழே பாதி உறையாகப் போடக் கூடாது. பெரிய உறையில் கொஞ்சமாகக் கிடக்கும் மெதுவான பவுடர் ஒழுங்காகப் பற்றாது. புல்லட் பாரலில் தயங்கி நின்று, பிறகு மொத்தமும் ஒரேயடியாகப் பற்றி ரைஃபிள் சிதறியதாக விளக்கம் உண்டு. மென்மையான லோடு வேண்டுமென்றால் ஹெச் 4895. அதற்கு மட்டும் ஹாட்ஜ்டன் கம்பெனியே உச்சத்தின் 60% வரை இறங்கலாம் என்று அனுமதி தந்திருக்கிறது.

—

பித்தளைப்பெட்டி:

பால் பவுடரை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே. டபிள்யூ 760, அதாவது ஹெச் 414, இரண்டும் ஒரே பவுடர், பெயர் மட்டும்தான் வேறு. 180, 200-க்கு அது மெஷரிலிருந்து தண்ணீர் மாதிரி இறங்கும், பத்து தடவை கொட்டினாலும் 0.1-க்குள் நிற்கும். அமுக்கும் தொல்லையும் கிடையாது, அதே கனம் குறைந்த இடத்தில் அடங்கும்.

—

தராசுமுள்:

இறங்குவது உண்மை. பற்ற வைப்பது கடினம், வெப்பத்துக்கு அசைவதும் அதிகம். ஒரே பருவத்தில், ஒரே இடத்தில், நூற்றுக்கணக்கில் நிரப்பிச் சுடுபவருக்கு பால் பவுடர் சரி. 200 கிரெய்ன் வேட்டை லோடை வருடம் முழுக்க வைத்துச் சுட நினைப்பவருக்கு நான் குச்சியையே சொல்வேன்.

—

குறிநேர்:

சரி, ஹெச் 4350 வாங்குகிறேன், .308-க்கு 4064 தொடரும். கடைசியாக ஒன்று. ஐஎம்ஆர் 4831 டப்பா ஏற்கெனவே திறந்தது, பாதிதான் இருக்கிறது, எப்போது வாங்கியது என்று குறிப்பு இல்லை. பயன்படுத்தலாமா?

—

பித்தளைப்பெட்டி:

நீங்கள் திறந்த டப்பாவா, வேறு யாரோ திறந்ததா? வேறு யாராவது என்றால் உள்ளே இருப்பது 4831-தான் என்பதற்கு லேபிள் மட்டும்தான் சாட்சி. மெஷரில் மிஞ்சியதைத் தவறான டப்பாவில் கொட்டியிருக்கலாம். குச்சிப் பவுடர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல்தான், பார்த்து அடையாளம் காண முடியாது. அப்படியானால் யோசிக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

நீங்களே திறந்ததென்றால் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பவுடரில் ஈதர், கற்பூரம் கலந்த மாதிரி லேசான இனிப்பு வாசம். கெட்டுப்போனது மூக்கை அரிக்கும் அமில நெடி அடிக்கும். வெள்ளைத் தாளில் ஒரு கரண்டி பரப்புங்கள். துருப்பொடி மாதிரி செந்தூள் உதிர்ந்தாலோ, டப்பாவின் உள்பக்கம் செம்பழுப்பு படிந்திருந்தாலோ போய்விட்டது. மூடி வைத்திருக்காதீர்கள், கெட்டுவரும் பவுடர் தன்னாலேயே சூடேறும். வெட்டவெளியில், காய்ந்த புல் இல்லாத மண்ணில் மெல்லிய நீளக் கோடாகக் கொட்டி, காற்று வரும் பக்கம் நின்று ஒரு முனையில் நீளக் குச்சியால் பற்றவையுங்கள். குவித்து வைத்துக் கொளுத்தக் கூடாது.

நன்றாக இருந்தால், நிரப்பும்போது மேசைமேல் அந்த டப்பா ஒன்று மட்டும். நிரப்பி முடித்ததும் மெஷரிலிருந்து அதே டப்பாவுக்குத் திரும்பக் கொட்டி, மெஷரின் கைப்பிடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். டிரம்முக்குள் இரண்டு மூன்று கிரெய்ன் எப்போதும் ஒளிந்திருக்கும்.